அதே ஊசிதானே? டெர்மா ரோலர், பருக்குழி, பாலக்காட்டு வெயில்

கேள்வி, 14 நவம்பர் 2023 (பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

ஆன்லைனில் டெர்மா ரோலர், அதாவது 1.5 மில்லிமீட்டர் ஊசிகள் பதித்த சிறு உருளை ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். என் மனைவி முகத்துக்கு. தை மாதம் மச்சினிச்சி கல்யாணம். பொள்ளாச்சியில் விசாரித்தால் ஒரு தடவைக்கு 4,000 ரூபாய் என்கிறார்கள். அங்கே குத்துவதும் அதே ஊசிதானே? வீட்டிலேயே உருட்டினால் என்ன?

14 நவம்பர் 2023, இரவு

உருட்டாதீர்கள். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. பள்ளிக்கூட டீச்சர். பத்தொன்பது வயதில் வந்த பரு இருபத்தாறு வரைக்கும் இருந்தது. போகும்போது இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுப் போனது. 2019-ல் நீங்கள் வாங்கிய மாதிரியே ஒரு ரோலர் வாங்கினேன், அதே 1.5. ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று உருட்டுவேன். ஐந்து மாதம். குழி ஒன்றுகூட மேலே வரவில்லை. ஆனால் கன்ன எலும்பின் மேல் கோடு கோடாகக் கறுத்துப்போனது. சதை குறைந்து எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் அழுத்தி உருட்டினால், தண்டவாளம் போட்டது போல இணைகோடுகளாகத் தழும்பு விழுவதும் உண்டு என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். எனக்குத் தழும்பு விழவில்லை, நிறம்தான் மாறியது. அது மறையவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடமும் எந்தக் கல்யாண போட்டோவிலும் நான் பக்கவாட்டில்தான் நிற்கிறேன்.

நாலாயிரம் ரூபாய் எதற்கு என்று கேட்டீர்கள். ஊசியின் விலை அதில் சிறு பகுதிதான். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எங்கே நிறுத்த வேண்டும், யாருக்கு ஊசியே படக்கூடாது என்று தெரிந்த கைக்குத்தான் அந்தப் பணம்.

15 நவம்பர் 2023

காலையில் படித்தபோது நேற்று கோபமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றியது. அந்த ஊசி உள்ளே என்ன செய்கிறது என்று சொன்னால்தான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது புரியும்.

முகத்தில் மேல்தோல் மிக மெல்லியது, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே இருக்கும் உள்தோலில்தான் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. பருக்குழி என்பது அந்த உள்தோலில் ஏற்பட்ட இழப்பு. மேலே க்ரீம் தடவி மட்டும் அந்தக் குழியை நிரப்புவது கடினம். ஊசி உள்தோல் வரை இறங்கி நுண்ணிய காயங்களைச் செய்கிறது. ரத்தத் தட்டுகள் வந்து சேர்ந்து வளர்ச்சிக் காரணிகளை விடுகின்றன, அவை நார்ச்செல்களை எழுப்புகின்றன, புதுக் கொலாஜன் உருவாகிறது. இது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை குத்திவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி குத்தினால், கட்டி முடியாத சுவரை இடித்துக்கொண்டே இருப்பதுதான். நான் ஐந்து மாதம் செய்தது அதைத்தான்.

லேசர்களில் சில மேல்தோலையே எரித்து எடுப்பவை. நம் போன்ற மாநிறத் தோலில் அது கறுப்பு விட்டுப்போகும் அபாயம் அதிகம். ஊசி மேல்மண்ணை அப்படியே விட்டு அடிமண்ணைக் கிளறுகிறது. நம் நிறத்துக்கு இது பொருத்தம் என்று தோல் மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1995-ல் ஓரென்ட்ரைக் என்ற குடும்பப் பெயருள்ள இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், குழியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடும் முறையை எழுதினார்கள். 1997-ல் கனடாவில் காமிராண்ட், டூசே என்ற இருவர் பச்சை குத்தும் மிஷினை மை இல்லாமல் தழும்புகளில் ஓட்டிப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் செய்ததுதான் இன்றைய உருளை. மருத்துவமனையில் வழக்கமாகப் பயன்படுத்தும் ரோலரில் 192 ஊசி. பதினைந்து தடவை குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 250 துளை விழும். அத்தனை வாசல் திறந்திருக்கும்போது வீட்டு டவல், வீட்டுத் தண்ணீர், போன வாரம் ஸ்பிரிட்டில் முக்கி வைத்த ரோலர். நினைத்தாலே பதறுகிறது.

15 நவம்பர் 2023, பத்து நிமிடம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. செய்துகொள்வதாக இருந்தால் ஏப்ரல், மே விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிவந்து வேலைக்குப் போக வேண்டியிருக்காது.

28 நவம்பர் 2023

இன்று எனக்கு நான்காவது தடவை. ஜூன் மழையில் ஆரம்பித்தது, ஏழெட்டு வார இடைவெளியில் வந்திருக்கிறேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். "வலிக்குமா" என்று மட்டும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சித்தூர் வழி பஸ்ஸில் பாலக்காடு. தனியார் ஆஸ்பத்திரி, தோல் டாக்டர் மட்டுமே செய்கிறார். முகத்தைக் கழுவி மரத்துப்போகும் க்ரீமைக் கெட்டியாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இந்த ஒரு மணி நேரத்தை எந்த இடமாவது இருபது நிமிடமாகச் சுருக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள் மற்றதிலும் அவசரப்படுவார்கள். அப்புறம் க்ரீமைத் துடைத்துக் கிருமிநாசினி பூசினார்கள். ரோலர் உறையை என் கண் முன்னால் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் இதை நானே கேட்டுப் பார்க்கிறேன்.

"கண்ணடச்சோளூ சேச்சி" (கண்ணை மூடிக்கோங்க அக்கா) என்றது நர்ஸ் பெண். கன்னத்தில் வலி இல்லை, மணல்தாளால் தேய்ப்பது போன்ற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்கும். நெற்றியிலும் மேலுதட்டிலும் வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். டாக்டர் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார், மறு கையால் ஓட்டுகிறார். நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை. ஊசி முனை அளவுக்கு ரத்தப் பொட்டுகள் சீராக வந்ததும் நிறுத்திவிடுகிறார். அதுதான் எல்லை, அதற்கு மேல் போனால் பலன் கூடாது. நான் 2019-ல் ரத்தம் கண்டதும் நன்றாக வேலை செய்கிறது என்று இன்னும் ஐந்து நிமிடம் உருட்டியவள். சலைனில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தார்கள். மொத்தம் இருபது நிமிடம்.

வெளியே வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்று உதட்டை வெடிக்க வைத்துவிடும். நல்ல முகத்துக்கே தாங்காது. துப்பட்டாவை முகத்தில் சுற்றலாமா என்றால் கூடாது, துணி உரசும். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

1 டிசம்பர் 2023

முதல் நாள் வெயிலில் தீய்ந்தது போன்ற சிவப்பு. இரண்டாம் நாள் இளஞ்சிவப்பு, முகம் கொஞ்சம் வீக்கம். இன்று தோல் மெல்லிய பொடியாக உரிகிறது. சலைன், டாக்டர் எழுதிய மாய்ஸ்சரைசர், நேற்றிலிருந்து சன்ஸ்க்ரீன். வேறு எதுவும் தடவவில்லை.

வைட்டமின் சி சீரம் போடலாமா என்று கேட்ட சகோதரிக்கு: வேண்டாம். அமெரிக்காவில் இப்படிக் குத்திய தோலில் சீரம் போட்ட மூன்று பெண்களுக்கு முகமெல்லாம் தடித்து ஒவ்வாமைக் கட்டிகள் வந்ததை 2014-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீரம் மேல்தோலில் தடவச் செய்தது. துளை வழியாக உள்தோலுக்குள் போனால் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கும். மஞ்சள், கற்றாழை, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில். நாலு நாள் பொறுங்கள்.

10 டிசம்பர் 2023

ஒரு திருத்தம். எல்லாக் குழிக்கும் ஊசி கேட்கும் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. என் முகத்திலேயே மூன்று வகை இருக்கிறது. அலை போல ஏறி இறங்கும் ஆழமில்லாத பள்ளங்கள் நன்றாகக் கேட்கின்றன. ஓரம் வெட்டியது போன்ற சதுரக் குழிகள் ஓரளவுக்கு. ஆணி அடித்துப் பிடுங்கியது போன்ற சிறிய ஆழமான ஓட்டைகள் ஏறக்குறைய கேட்பதே இல்லை. அதற்கு டிசிஏ என்ற அமிலத்தை வீரியமாக எடுத்து, கூரான குச்சியால் ஓட்டைக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறை இருக்கிறது. அலைக்குழி அடியில் நாரால் கட்டப்பட்டிருந்தால் முதலில் அந்த நாரை அறுக்க வேண்டும். மூன்றையும் பிரித்துப் பார்த்து, எது முதலில் என்று முடிவு செய்வதுதான் டாக்டரின் வேலை. எடுத்த எடுப்பில் "ஆறு சிட்டிங் பேக்கேஜ்" என்று விலை சொல்லும் இடத்தில் இந்தப் பேச்சே வராது.

அம்மை வடுவுக்கு? அம்மை பெரும்பாலும் வெட்டிய ஓரமுள்ள குழியை விடும். கொஞ்சம் மேலே வரும். நெற்றியில் இருக்கும் ஒற்றை ஆழ வடுவுக்காக முகம் முழுக்க உருட்ட வேண்டியதில்லை.

7 ஜனவரி 2024

என் அண்ணன் மகனுக்குப் பதினேழு வயது. முகமெல்லாம் சீழ்ப் பரு. பொங்கலுக்கு முன்னால் வந்தவன், "அத்தை, எனக்கும் அந்த ஊசி போடச் சொல்லுங்க, காலேஜ் போறதுக்குள்ள சரியாயிரும்ல" என்றான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அதே வயதில் அதே கண்ணாடி முன் நின்றவள் நான்.

ஆனால் பரு உயிரோடு இருக்கும்போது ஊசி கூடவே கூடாது. உருளை ஒரு பருவை உடைத்துச் சீழை முகம் முழுக்க எடுத்துப் போகும். உதட்டில் அக்கி, முகத்தில் மரு இருந்தாலும் இதே கதை. வெண்படை, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குத்திய இடத்திலெல்லாம் புதிதாக அதுவே கிளம்பலாம். தோடு குத்திய இடத்தில் கட்டி வளர்ந்த காது உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல்முதலாக இப்படிப்பட்ட ஒரு கருவிக்குப் பருத்தழும்புக்கென அனுமதி கொடுத்தபோது, வயது 22-ம் அதற்கு மேலும் என்றே வைத்தது.

அவன் பையைப் பார்த்தால் அதற்குள் ஒரு க்ரீம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியது, உள்ளே ஸ்டீராய்டு. போட்டதும் முகம் பளபளவென்று ஆகும், நிறுத்தினால் பரு இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தோல் வெங்காயத் தாளாக மெலியும். இந்த ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு எச் அட்டவணையில் சேர்த்துவிட்டது. மலப்புறத்தில் போன வருடம் நடந்ததும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேர் தெரியாத வெள்ளைப்படுத்தும் க்ரீம்களில் இருந்த பாதரசத்தால் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று கடை கடையாக ஏறியது. க்ரீமைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

21 ஜனவரி 2024

மீனாட்சிபுரத்துக்காரரே, கல்யாணம் நல்லபடியாக நடந்ததா? ரோலர் என்ன ஆனது?

25 பிப்ரவரி 2024

நான்காவது தடவை முடிந்து மூன்று மாதம். டாக்டர் முதல் நாள் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே விளக்கு, ஒரே கோணத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அலைப் பள்ளங்கள் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கின்றன. சதுரக் குழிகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது. ஆணி ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நேர் வெளிச்சத்தில் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எனக்குத் தெரிகிறது. காஷ்மீரில் 2009-ல் 36 பேரைப் பார்த்து எழுதிய ஆய்வில் 34 பேருக்குத் தழும்பின் தரம் ஒன்றோ இரண்டோ படி குறைந்தது என்றிருந்ததைப் படித்துத்தான் நான் துணிந்தேன். படி குறைவது என்றால் என்ன என்று இன்று கண்ணால் பார்த்தேன். குழி அடியோடு மறைவதில்லை, ஆழம் குறைகிறது.

நான்கு தடவைக்கும் சேர்த்துப் பதினாறாயிரத்துச் சொச்சம், பஸ் ஆட்டோ தனி. என் சம்பளத்தில் சிறிய தொகை இல்லை. எனக்கு அது போதுமான பலன். வெண்ணெய் போன்ற முகம் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவருக்குப் போதாது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "என்ன, நல்லாத் தூங்குறயா இப்பல்லாம்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அன்றெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.

3 ஏப்ரல் 2024

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தம்பி தலைமுடி பற்றிக் கேட்டிருக்கிறார். மும்பையில் 2013-ல் நூறு ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். மினாக்ஸிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தை மட்டும் போட்டவர்களைவிட, வாரம் ஒரு தடவை ஊசி உருளையும் சேர்த்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் முடி அதிகம் வந்தது. ஆக, அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் உருட்டியது மருத்துவர்கள். உருட்டிய அன்றே மினாக்ஸிடில் போடவில்லை, ஒரு நாள் இடைவெளி விட்டார்கள். அதைவிட முக்கியம், முடி எதனால் கொட்டுகிறது என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் தம்பி. இரும்புச்சத்துக் குறைவுக்கு ஊசி உருட்டிப் பயனில்லை.

29 ஏப்ரல் 2024

நவம்பரில் நான் சொன்ன ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். ஏப்ரல், மே விடுமுறையில் செய்துகொள்ளச் சொன்னேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள், 41 டிகிரியைத் தாண்டுகிறது. ஓட்டுப் போடப் போய் வரிசையில் நின்றதற்கே என் கன்னம் எரிந்தது. குத்திய தோலில் இந்த வெயில் பட்டால் கறுப்புப் படிந்துவிடும். லீவு கிடைக்கிறதே என்று மட்டும் யோசித்து எழுதிவிட்டேன். எனக்கு நல்லபடியாக அமைந்ததற்கு ஜூன் மழையும் ஒரு காரணம் என்று இப்போதுதான் உறைக்கிறது. என் பேச்சைக் கேட்டு யாராவது இந்த மாதம் தேதி வாங்கியிருந்தால் தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு செய்தி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அனுமதியில்லாத ஒரு ஸ்பாவில் இந்த ஊசியோடு சொந்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பூசிக்கொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்று. 2018-லிருந்து விசாரித்து, இந்த மாதம்தான் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முழு அறிக்கை விட்டது. ஊசி ஒருவருக்கு ஒன்று, பிளாஸ்மா குழாயில் உங்கள் பெயர். இந்த இரண்டையும் பார்க்காமல் படுக்காதீர்கள். அக்காவும் தங்கையும் ஒரே ரோலரைப் பகிர்ந்துகொள்வதாகப் போன மாதம் ஒருவர் சாதாரணமாக எழுதியிருந்தார். அன்றே பதில் எழுதாமல் விட்டது என் தவறு. பல் துலக்கும் பிரஷ்ஷையே பகிர மாட்டோமே அம்மா.

16 ஜூன் 2024

மீனாட்சிபுரத்துக்காரர் வந்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்ததாம். ரோலரை உருட்டவில்லையாம். எனக்கு மூச்சு வந்தது. போன வாரம் மனைவியைப் பாலக்காட்டில் காட்டியிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, "இது கரிமங்கல்யம், குழியே இல்லையே" என்று சொல்லி, ஊசி எதுவும் வேண்டாமென்று சன்ஸ்க்ரீனும் இரவு க்ரீமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கரிமங்கல்யம் என்பது மங்குக்கு, முகத்தில் படரும் கறுப்புக்கு, மலையாளப் பெயர். நாம் மங்கு என்கிறோம், மலையாளிகள் மங்கல்யம் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நவம்பரில் அவர் எழுதியது "மனைவி முகத்துக்கு" என்று மட்டும்தான். பரு என்றோ குழி என்றோ அவர் சொல்லவே இல்லை. என் முகத்தில் குழி இருந்ததால் அவர் மனைவிக்கும் குழிதான் என்று நானாக எடுத்துக்கொண்டு ஏழு மாதம் எழுதியிருக்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: கறையா, குழியா?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இருட்டறையில் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்தால் குழி. நிழலே விழாமல் நிறம் மட்டும் தெரிந்தால் கறை. கண்ணை மூடி விரலால் தடவுங்கள். விரலுக்குத் தட்டுப்படாததைக் கண் மட்டும் பார்த்தால் அதுவும் கறை. பரு போன இடத்துக் கறுப்பு பெரும்பாலும் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் தானே மங்கும். அதற்குப் போய்க் குத்தினால் இன்னும் கறுக்கலாம்.

17 ஜூன் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு மருந்தாளர் சரியாகவே மறுத்திருக்கிறார். மங்குக்கும் ஊசி உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை ஊசித் துளை வழியாக இறக்கும் முறையைப் பெங்களூரில் 2013-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள், பலனும் பார்த்திருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அது க்ரீமுக்குக் கேட்காத மங்குக்கு, டாக்டர் கையால். அந்த அம்மாவுக்கு க்ரீமே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

28 ஜூலை 2024

அண்ணன் மகன் கடைசியில் டாக்டரிடம் போனான். ஸ்டீராய்டை நிறுத்திய வேகத்தில் பிப்ரவரியில் முகம் வெடித்துவிட்டது, ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை. உதடு காய்கிறது என்று புலம்புகிறான், ஆனால் புதுப் பரு நின்றுவிட்டது. மாத்திரை முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஊசி என்று முன்பெல்லாம் கட்டாயமாகச் சொல்வார்கள், இப்போது பலர் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். இவனுடைய டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். நேற்று டார்ச் பிடித்துப் பார்த்தேன். நிழல் இரண்டு மூன்று இடத்தில்தான் விழுந்தது. மீதியெல்லாம் கறை.

எனக்கு ஆணி ஓட்டைகளில் அமிலம் தொட்டு வைத்தாகிவிட்டது. தொட்டதும் வெள்ளையாகி, அப்புறம் பொருக்குத் தட்டி, ஒரு வாரத்தில் உதிர்ந்தது. பலன் தெரிய நாளாகும்.

28 ஜூலை 2024, இரவு

மீனாட்சிபுரத்துக்காரர் இன்னொன்று கேட்டிருக்கிறார்: பிரிக்காத அந்த ரோலரைத் திருப்பி எடுக்கும் தேதி போய்விட்டதாம், யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று. கொடுக்காதீர்கள். குப்பையிலும் அப்படியே போடாதீர்கள், மாதாமாதம் குப்பை வாங்க வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வெறும் கையால்தான் பல நேரம் பிரிக்கிறார்கள். கெட்டியான ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே "ஊசி" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். அடுத்த தடவை மனைவியைக் காட்டப் போகும்போது ஆஸ்பத்திரி ஊசிக் கழிவில் சேர்க்க முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். என் பழைய ரோலரை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.